ஆராதனை முடிந்ததும் ஒரு மேசை: சபையில் குடிமக்கள் உதவி மேசை நடத்த முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்காத சபை தமிழ்நாட்டில் குறைவு. அந்தச் சேலையை வாங்கிப் போகும் பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்று விசாரிக்கும் சபை அதைவிடக் குறைவு. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது. ஞாயிறு ஆராதனையோ திருப்பலியோ முடிந்தபின் இரண்டு மணி நேரம் மேசை போட்டு, தெருவில் யார் வந்தாலும் வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, ஓய்வூதியம், காப்பீட்டு அட்டை, சான்றிதழ் என்று அவர்களுக்கு உரியதைப் பெற உதவுவதுதான் வேலை.

வரிசையை மாற்றாதீர்கள். பேனர் அடித்துத் திறப்பு விழா வைத்துவிட்டு, யார் உட்காருவது என்று பிறகு யோசிக்கும் மேசைகள் சில மாதங்களில் மடங்கிவிடுகின்றன.

1. மேசைக்கு முன் தெரு

முதலில் சபையைச் சுற்றியுள்ள ஐம்பது அறுபது வீடுகளுக்கு இருவர் இருவராகப் போங்கள். எல்லா மதத்தார் வீட்டுக்கும் போக வேண்டும். நான்கே கேள்விகள் போதும். 18 நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறதா? ரேஷன் கார்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா? 60 தாண்டியவர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா? கொடுத்த மனு ஏதாவது பதில் வராமல் நிற்கிறதா?

தெருவுக்கு என்ன தேவை என்று கமிட்டி அறையில் உட்கார்ந்து ஊகித்தால் பதில் எப்போதும் அரிசி மூட்டையில்தான் போய் முடியும். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். சாப்பாடு இருந்தது, பந்தியில் அவர்கள் பெயர்தான் இல்லை. உங்கள் தெருவிலும் பெரும்பாலும் அதே கதைதான்.

வாசலில் நின்று ஆதார் எண் கேட்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். மோசடிக்காரர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு வீட்டில் சந்தேகம் விழுந்தால் தெரு முழுக்கக் கதவு மூடிவிடும்.

2. கமிட்டியில் எழுத்து மூலம் மூன்று எல்லைகள்

சபையை நிர்வகிப்பது சேகரக் கமிட்டியோ பங்குப் பேரவையோ, எதுவானாலும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் அனுமதி அடுத்த போதகர் வரும்வரைதான் நிற்கும்.

முதல் எல்லை: மேசையில் மதம் கேட்பதில்லை, மதம் பேசுவதில்லை. துண்டுப்பிரதிகூட மேசையில் இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் சபையில் ஒருவராவது எழுந்து, அப்படியானால் சாட்சி எங்கே என்பார். லூக்கா 17-இல் இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளின் கதையை அவருக்குக் காட்டுங்கள். ஒன்பது பேர் நன்றி சொல்லத் திரும்பி வரவில்லை. கிடைத்த சுகம் அவர்களிடமிருந்து பறிக்கப்படவும் இல்லை. இன்னொன்றும் அந்தப் பகுதியில் உண்டு. குணமானவரை ஊருக்குள் சேர்க்கும் அதிகாரம் அன்று ஆசாரியனிடம் இருந்தது, இயேசு அந்த ஆசாரியரிடமே போய்க் காட்டச் சொன்னார். நமக்கு இன்று தாசில்தார் அலுவலகம்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. கையில் விண்ணப்பத்தோடு நிற்பவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரிடம் பேசுவது நெருக்கடி கொடுப்பதாகும். ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற புகாருக்கும் அது வாசல் திறந்துவிடும்.

இரண்டாவது எல்லை: கட்சி இல்லை. எந்தக் கட்சியிலும் பொறுப்பில் உள்ளவர் மேசையில் உட்காரக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

மூன்றாவது எல்லை: மேசை பணம் வாங்காது, பணம் கொடுக்கவும் செய்யாது. வாங்கினால் இடைத்தரகராகிவிடுவீர்கள். கொடுக்கத் தொடங்கினால் மறுவாரம் வரிசை பணத்துக்காக நிற்கும், விண்ணப்பம் எழுத வந்தவர் ஓரம் போய்விடுவார். பண உதவி தேவைப்படுபவரை வின்சென்ட் தே பால் சபைக்கோ பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கோ தனியாக அனுப்புங்கள்.

3. ஆறு பேர்

வரவேற்க ஒருவர், எழுத இருவர், இணையத்தில் பதிய ஒருவர், நோட்டு வைக்க ஒருவர், வார நாள்களில் அலுவலகங்களுக்கு நடக்க ஒருவர். நடப்பவர்தான் இந்த ஆறு பேரில் அரிதாகக் கிடைப்பவர். ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால் ஊழியர், வருவாய்த் துறையில் இருந்தவர் யாராவது சபையில் இருந்தால் அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள். அறிவிப்புச் செய்தால் வாலிபர்கள் மட்டுமே கை தூக்குவார்கள். வாலிபர்கள் தட்டச்சுக்கு நல்லவர்கள், ஆனால் பரீட்சை மாதத்தில் காணாமல் போவார்கள்.

ஆறில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். கணவர் விட்டுப் போனதையும் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையையும் ஆண்கள் முன்னால் எந்தப் பெண்ணும் விவரமாகச் சொல்ல மாட்டார்.

போதகரை மேசையில் உட்கார வைக்காதீர்கள். ஐயா இருந்தால் எல்லோரும் ஐயாவிடமே வருவார்கள், மற்ற ஐவரும் வேடிக்கை பார்ப்பார்கள். அவருக்கு மாறுதல் வந்தால் மேசையும் கூடவே போகும்.

4. இடமும் பொருள்களும்

மேசை ஆலயத்துக்குள் வேண்டாம். வாசலை ஒட்டிய வராந்தாவோ, தெருவிலிருந்து நேரே ஏறக்கூடிய கூடமோ நல்லது. செருப்பைக் கழற்றி ஆலயத்துக்குள் வர வேண்டுமென்றால் பிற மதத்தார் தயங்கித் திரும்பிவிடுவார்கள்.

நீள நோட்டு இரண்டு, ஏ4 தாள் ஒரு கட்டு, கைநாட்டுக்கு மை அட்டை, இணைய வசதியுள்ள போன், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லைகள் சில, குடிதண்ணீர். இவற்றோடு இரண்டு பவர், இரண்டரை பவர் படிக்கும் கண்ணாடி ஒவ்வொன்று வாங்கி வையுங்கள். படிப்பறிவு இல்லை என்று சொல்லி வருபவர்களில் பலருக்குக் கண்ணாடிதான் இல்லை. தன் விண்ணப்பத்தைத் தானே படித்துக் கையெழுத்துப் போட்டவர் அடுத்த முறை உங்களிடம் வர வேண்டியதில்லை.

பிரிண்டர் இப்போதைக்கு வேண்டாம். பக்கத்து ஜெராக்ஸ் கடை போதும்.

5. முதல் மாதம் வாக்காளர் பட்டியல் மட்டும்

இந்த வேலைக்குக் கட்டணம் இல்லை, விதிகள் தெளிவு, குழுவுக்கும் பயிற்சி கிடைக்கும். முதல் ஞாயிறே எல்லாவற்றையும் எடுத்தால் எதையும் முடிக்க மாட்டீர்கள்.

படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்க்க. படிவம் 7 இறந்தவர் அல்லது இடம்பெயர்ந்தவர் பெயரை நீக்க. படிவம் 8 முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், அட்டை தொலைந்தால் மாற்று அட்டை ஆகியவற்றுக்கு. வயதைக் கணக்கிடும் தகுதி நாள்கள் ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதை உறுதிப்பூசுதல் அல்லது திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள். சந்தேகங்களுக்கு 1950 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, வீடு மாறியவருக்குப் படிவம் 6 போடுவது. அப்படிச் செய்தால் இரண்டு இடத்தில் பெயர் விழும். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்க 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய பெயர் இருப்பது தெரிந்தே புதியவர் என்று உறுதிமொழி கொடுத்தால் அது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ‘இதற்கு முன் எங்காவது ஓட்டுப் போட்டீர்களா?’ என்று கேட்டபின் படிவத்தைக் கையில் எடுங்கள்.

இன்னொரு தவறு, அட்டை இருப்பதால் ஓட்டு இருக்கிறது என்று நம்புவது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அட்டை உதவாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்ஐஆர்) தொடங்கியது. அதன்பின் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்காதவர்கள் எல்லோருக்கும் தேடிக் காட்டுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் எவர் சிபாரிசு செய்தாலும் பெயர் சேராது.

6. அதன்பின் எடுக்க வேண்டியவை

ரேஷன் கார்டில் சிக்குபவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள். பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கிய பிறகே புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நீக்காமல் விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்து மாதங்களைத் தொலைப்பார்கள். தொலைபேசிப் புகாருக்கு 1967.

முதியோர் ஓய்வூதியம் 60 நிறைந்த ஆதரவற்றோருக்கு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) விசாரித்து, வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். விஏஓ வீட்டுக்கு வரும் நாளில் பாட்டி வேறு ஊரில் மகள் வீட்டில் இருந்தால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். விண்ணப்பித்த வாரமே விஏஓவை நேரில் பார்த்து எப்போது வருவார் என்று கேட்டு வருவது நடப்பவரின் முதல் வேலை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். எல்லோரும் இதை அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள்தான் தேடுகிறார்கள். நோய் வருமுன் பதிய வைப்பது மேசை செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். சபை விருந்தான அசனப் பண்டிகைக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால்கூடத் தெரு முழுக்கப் பதிந்துவிடலாம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் தனியாக இரண்டு குழப்பங்கள் உண்டு. கல்லறைத் தோட்டப் பதிவேட்டில் எழுதிவிட்டால் இறப்பு பதிவாகிவிட்டது என்று நினைப்பார்கள். அது சபைப் பதிவு. உள்ளாட்சியில் 21 நாளுக்குள் தனியாகப் பதிய வேண்டும். ஓராண்டு கடந்தால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிவாகாது. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, விதவை ஓய்வூதியமும் இல்லை. அடக்க ஆராதனைக்கு ஏற்பாடு செய்பவரிடமே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அதேபோல் ஆலயத்தில் நடந்த கல்யாணமும். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை அவகாசம் உண்டு.

7. மேசையில் பேசும் வரிசை

முதலில் உட்கார வையுங்கள். பிறகு பெயர். பிறகு, ‘என்ன நடந்தது, சொல்லுங்கம்மா’ என்று கேட்டுவிட்டு மூன்று நிமிடம் எழுதாமல் கேளுங்கள். எடுத்ததும் ‘ஆதார் கொண்டு வந்தீங்களா?’ என்றால், வந்தவர் தன் விஷயத்தைச் சுருக்கித் தவறான விண்ணப்பத்தைக் கேட்பார். ‘ரேஷன் கார்டு வேணும்’ என்று வந்தவருடைய உண்மையான சிக்கல், கணவர் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பதாக இருக்கலாம். அதற்கு வழி வேறு.

விண்ணப்பத்தில் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. மனு எப்போதும் அவர் பெயரிலேயே போகட்டும், சபை பெயர் அதில் வரக் கூடாது. விசாரணைக்கு அதிகாரி அழைக்கப்போவது அவரைத்தான். தன் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய் நின்றால் ஒரே கேள்வியில் தள்ளுபடியாகும்.

8. ஆதாரும் பெயர்க் குழப்பமும்

இணைய விண்ணப்பம் நிற்கும் இடம் பெரும்பாலும் ஓடிபி. பாட்டியின் ஆதாரில் இருக்கும் எண் மகன் எப்போதோ தூக்கிப்போட்ட சிம்முடையதாக இருக்கும். எந்த விண்ணப்பத்துக்கும் முன் அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் வேலை ஆதார் மையம். அவசரத்துக்குத் தொண்டர் தன் சொந்த எண்ணைக் கொடுப்பது பெரிய தவறு. அதன்பின் பாட்டியின் ஓடிபி எல்லாம் அவர் போனுக்கே வரும்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றில் மாரியம்மாள், ஞானஸ்நானத்தில் மேரி, ரேஷன் கார்டில் மேரியம்மாள் என்று இருக்கும். யேசுதாசன், ஏசுதாஸ், ஜேசுதாஸ் என ஒருவருக்கே மூன்று எழுத்து. முதலெழுத்து முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும். எல்லாக் காகிதங்களையும் மேசையில் பரப்பி, எந்தப் பெயரில் நிற்கப்போகிறார் என்று அவரே முடிவு செய்தபின் மற்றவற்றைத் திருத்தத் தொடங்குங்கள். பாதி திருத்திய நிலையில் புது விண்ணப்பம் போட்டால் நான்காவது பெயர் ஒன்று பிறக்கும்.

ஆதார் நகலை மேசையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரவிறக்கக் கற்றுக்கொடுங்கள்.

9. ரசீது, நோட்டு, மறு தேதி

நோட்டில் எட்டுக் கட்டங்கள்: தேதி, பெயர், தெரு, போன், விஷயம், விண்ணப்ப எண், அடுத்துப் பார்க்கும் தேதி, முடிவு. மதம், சாதி, சபை என்று கட்டம் வேண்டாம். கட்டம் இருந்தால் யாராவது ஒருநாள் எண்ணிப் பார்ப்பார்கள்.

எட்டில் உயிர் உள்ளது ஏழாவது. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் அடிபட்டவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். அந்தத் திரும்பி வருதல்தான் ஏழாவது கட்டம். பெரும்பாலான மேசைகள் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போட்டதை ஆண்டறிக்கையில் அச்சடிக்கும். எத்தனை முடிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. போட்ட விண்ணப்பத்தை எண்ணாதீர்கள், எட்டாவது கட்டம் நிரம்பியதை எண்ணுங்கள்.

10. பதில் வராதபோது

முதலில் அதே அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணோடு நேரில் விசாரியுங்கள். பிறகு முதலமைச்சர் உதவி எண்ணான 1100. பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள். நிலம், பட்டா தொடர்பானதென்றால் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியும் இருக்கிறது. எடுத்த எடுப்பில் ஆட்சியரிடம் போனால், மனு திரும்பவும் அதே வட்டாட்சியர் மேசைக்குத்தான் வரும், இம்முறை கொஞ்சம் எரிச்சலோடு.

இவ்வளவுக்குப் பின்னும் அசையாவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். ‘ஏன் தரவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் என்று ஒன்று கோப்பில் இருக்காது. ‘இந்த எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் சென்றது, அவர் என்ன குறிப்பு எழுதினார், நகல் தருக’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பல சமயம் முதல் கடிதம் போனதுமே கோப்பு நகர்ந்துவிடும்.

11. ‘கவனிப்பும்’ சபைக் கடிதமும்

இருநூறு ரூபாய் கொடுத்தால் இன்றே முடியும் என்ற நிலை வரும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். மேசையின் தொண்டர் ஒருமுறை கொடுத்தால் அந்த அலுவலகத்தில் உங்கள் மேசையிலிருந்து வரும் எல்லோருக்கும் அதுவே விலையாகிவிடும். தாமதத்தைத் தாங்குவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பாதிக்கப்படுகிறவரிடமும் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சபையின் கடிதத்தாளில் பொய் எழுதித் தரச் சொல்பவர்கள் வெளியாள்களைவிட உள்ளாள்களே அதிகம். பள்ளிச் சேர்க்கைக்காக ஞானஸ்நானத் தேதியை மாற்றுவது, இல்லாத முகவரிக்குச் சான்று கொடுப்பது எல்லாம் பொய்ச்சாட்சிதான்.

இதில் மிகவும் கடினமானது சாதிச் சான்று. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டுமே. கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பல குடும்பங்கள் ஞானஸ்நானத்தை மறைத்து எழுதச் சொல்வார்கள், அவர்கள் வலி நியாயமானது. அந்த ஆணையை எதிர்த்து வாதாடலாம், வாதாடவும் வேண்டும். அதற்கு இடம் நீதிமன்றமும் நாடாளுமன்றமும். மேசை பொய்க் காகிதம் எழுதாது, வந்தவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

12. மேசையில் தீர்க்கக் கூடாதவை

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் பேசி முடிக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம், சொல்லாமல் இருப்பது குற்றம். குற்றம் சாட்டப்பட்டவர் சபை ஊழியராக இருந்தாலும் இதேதான். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, இணையப் பண மோசடிக்கு 1930. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சொத்துத் தகராறு, ஜீவனாம்சம், ஜாமீன் எல்லாம் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு, 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சபை மூப்பர்கள் பஞ்சாயத்து பேசத் தொடங்கினால் ஒரு தரப்பு மேசைக்கு வருவதையே நிறுத்திவிடும்.

13. தேர்தல் மாதங்கள்

தேர்தல் அறிவித்ததும் மேசையை மூட வேண்டியதில்லை. வாக்குச்சாவடி எங்கே, என்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும், நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி உண்டா என்று சொல்லும் வேலை அப்போதுதான் கூடுகிறது.

யாருக்கு ஓட்டு என்று மட்டும் பேசக் கூடாது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்கீழ் முறைகேடு. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குக் கொடுப்பதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் எல்லோரையும்போல வரிசையில் உட்காரட்டும், மைக் கொடுக்காதீர்கள். முதியவர்களை வாக்குச்சாவடிக்கு ஏற்றிச்செல்லக் கட்சிக்காரரின் ஆட்டோவை வாங்காதீர்கள். சபையாரின் வண்டி இல்லாவிட்டால் நடக்க முடிகிறவர்களுக்கு ஒரு துணையாள் போதும்.

வாக்குப்பதிவு முடிந்த ஞாயிறு நோட்டை எடுத்து ஏழாவது கட்டத்தில் தேதி தாண்டியவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்தல் பணிக்குப் போன அலுவலர்கள் மேசைக்குத் திரும்பும் முதல் வாரத்திலேயே நடப்பவர் அந்தத் தாளோடு போய் நிற்க வேண்டும்.